கொச்சியில் அரை நாள், தனிக் கார் எடுத்துச் சுற்றிப் பார்ப்பது: நம்ம மலைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

என் மகள் எர்ணாகுளத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, நீலகிரியில் எங்கள் ஊரான கோத்தகிரிக்கும் கொச்சிக்கும் போய் வந்துகொண்டே இருக்கிறேன். இது தெரிந்ததும் தெருவில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில் என்று பார்க்கிற இடமெல்லாம் ஒரே கேள்விதான். மகனை நெடும்பாசேரியில் விமானம் ஏற்றப் போகிறோம், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம், கொச்சியில் அரை நாள் கையில் இருக்கிறது, ஒரு கார் பேசி ஊரைப் பார்த்துவிடலாமா? ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

கொச்சின்னா எது, எர்ணாகுளம்னா எது? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒரே மாநகராட்சிதான், ஆனால் நடுவில் காயல் (கடலோடு சேர்ந்த உப்பங்கழி) இருக்கிறது. ரயில் நிலையம், கோர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரிகள், மால், மெட்ரோ எல்லாம் கிழக்குக் கரையில், அதுதான் எர்ணாகுளம். மேற்கே கடலை ஒட்டி ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும். இரண்டுக்கும் நடுவே வில்லிங்டன் தீவு. பழைய கொச்சி என்று நாம் படங்களில் பார்ப்பது முழுக்க மேற்குக் கரையில்தான் இருக்கிறது.

1341ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தை மண்மூடச் செய்து, கொச்சியில் புது முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு மிளகுக்காக அரபுகள், சீனர்கள், போர்ச்சுக்கீசியர், 1663ல் டச்சுக்காரர், 1795ல் ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தார்கள். எல்லாரும் இறங்கிய இடம் அந்த மேற்குக் கரை. டிரைவரிடம் வெறுமனே "கொச்சி சுத்தணும்" என்று சொல்லாமல் "ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அரை நாள் போதுமா? என்னென்ன பார்க்கலாம்?

ஒரே கரையில் இருந்தால் தாராளமாகப் போதும். இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதைத்தான். பாலம் ஏறி இறங்கி, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று ஓடினால் நாலு மணி நேரமும் சிக்னலில் போய்விடும்.

ஃபோர்ட் கொச்சியில் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள். கடற்கரையில் சீன வலைகள், அங்கிருந்து சில நிமிட நடையில் புனித பிரான்சிஸ் தேவாலயம், இன்னும் கொஞ்சம் தள்ளி சாந்தா குரூஸ் பேராலயம், நடுவில் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நிழல் போடும் தெருக்கள். இதற்கு ஒன்றரை மணி நேரம். அப்புறம் காரில் ஏறி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனை, அதன் பின்னால் யூதர் தெரு, தெரு முடிவில் யூதர்களின் ஜெபாலயம். இதற்கு இன்னொரு ஒன்றரை மணி நேரம். மீதியில் சாப்பாடு. திரும்பும் வழியில் டோபி கானா என்று ஓர் இடம் இருக்கிறது, அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

அரண்மனையில் அவசரப்படாதீர்கள். போர்ச்சுக்கீசியர் 1555 வாக்கில் கட்டி அன்றைய கொச்சி மன்னருக்குக் கொடுத்தது, பின்னால் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பேர் நிலைத்துவிட்டது. வெளியே பார்த்தால் நம்ம ஊர் பழைய எஸ்டேட் ஆபீஸ் மாதிரி சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே ராஜாவின் பள்ளியறைச் சுவர் நெடுக ராமாயணம். செங்காவியும் மஞ்சளும் பச்சையுமாக, ஓர் அங்குலம்கூட சும்மா விடாமல் வரைந்திருக்கிறார்கள். புத்திரகாமேஷ்டி யாகத்தில் தொடங்கி அயோத்தி திரும்புவது வரை கதை ஓடும். காலுக்குக் கீழேயும் பாருங்கள். கறுப்புக் கல் மாதிரி பளபளக்கும் அந்தத் தரை கல்லே கிடையாது. சுட்ட கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது. உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள்.

எந்தக் கிழமை போறது நல்லது?

திங்கள் முதல் வியாழன். காரணம் எளிது. அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜெபாலயத்தை வெள்ளி, சனி இரண்டு நாளும் நம்பிப் போகக்கூடாது. வெள்ளி மாலையோடு அவர்களுடைய ஓய்வு நாள் தொடங்கிவிடும், யூதப் பண்டிகை நாட்களிலும் மூடிவிடுவார்கள். ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போவது சரியில்லை.

வெள்ளிக்கிழமைதான் கிடைக்கிறது என்றால் போகாமல் இருக்க வேண்டாம், மட்டாஞ்சேரியைச் சுருக்கிக்கொண்டு ஃபோர்ட் கொச்சியிலேயே நிதானமாக இருங்கள். எந்த நாளாக இருந்தாலும் ஜெபாலயம் மதியம் 1 மணியிலிருந்து 3 மணி வரை சாத்தியிருக்கும். அந்த இடைவேளையில் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

காலையில போலாமா, சாயங்காலம் போலாமா?

நமக்கு இது பெரிய விஷயம். கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஸ்வெட்டரோடு இருந்துவிட்டு அங்கே இறங்கினால், வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அடித்துப்போடும். 32, 33 டிகிரிதானே என்று நினைக்காதீர்கள், காற்றில் இருக்கும் ஈரத்தால் வியர்வை காயாது. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் நடக்கிற மாதிரி திட்டம் போடவே கூடாது.

காலை என்றால் ஏழரைக்குக் கடற்கரையில் இருங்கள். வலைக்காரர்கள் வேலையில் இருப்பார்கள், கூட்டம் இருக்காது, துறைமுக வாயில் பக்கம் அதிர்ஷ்டம் இருந்தால் டால்பின்கள் முதுகு காட்டிவிட்டுப் போகும். குன்னூர் டால்பின்ஸ் நோஸ் பாறையைப் பார்த்தே வளர்ந்த என் மகளின் பிள்ளை, நிஜ டால்பினை அங்கேதான் முதலில் பார்த்தான். மாலை என்றால் மூன்று மணிக்கு மட்டாஞ்சேரியில் தொடங்கி, சூரியன் இறங்கும் நேரத்துக்குக் கடற்கரைக்கு வந்து சேருங்கள். மேற்குக் கடல் என்பதால் சூரியன் தண்ணீரிலேயே இறங்கும். மாலைக்காரர்களுக்கு இன்னொரு லாபம், ஃபோர்ட் கொச்சியில் 6 மணிக்குக் கதகளி நடக்கும் அரங்குகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் முன்னால் போனால் அவர்கள் முகத்தில் அரிசிமாவுச் சுட்டி கட்டிச் சாயம் பூசுவதையும் பார்க்கலாம். எனக்கு ஆட்டத்தைவிட அது பிடிக்கும்.

கார் எப்படிப் பேசணும்? "4 மணி நேரம் 40 கிலோமீட்டர்"னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

அரை நாள் வாடகைக்கு அங்கே வழக்கமான கணக்கு அது. இரண்டில் எது முதலில் தாண்டினாலும் கூடுதல் ஏறும், கிலோமீட்டருக்குத் தனி, மணிக்குத் தனி. எர்ணாகுளம் சவுத் ஸ்டேஷனிலிருந்து ஃபோர்ட் கொச்சி ஏறக்குறைய 12 கிலோமீட்டர். போய் வந்து உள்ளூரில் சுற்றினாலும் 40க்குள் அடங்கும். நேரம்தான் உதைக்கும். பாலங்களில் நெரிசல் இருந்தால் அந்த 12 கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் ஆகும்.

பேசும்போதே கேட்க வேண்டியவை: மணிக்கணக்கு நாம் ஏறும் இடத்தில் தொடங்குமா, அவர்கள் ஷெட்டிலிருந்து கிளம்பும்போதே தொடங்குமா? பார்க்கிங் யார் தருவது? ஏசி சேர்த்தா? ஐந்தாவது மணிக்கு எவ்வளவு? இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு இறங்கும்போது மாறும். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். வண்டி மஞ்சள் போர்டு வண்டியா என்று பாருங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு, ஒன்றென்றால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும்.

நம்ம ஊர் டிரைவரையே கூட்டிட்டுப் போயிடலாமே? பழகினவர்.

கூட்டிப் போகலாம், நிறைய பேர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு டாக்ஸி கேரளாவுக்குள் போக பெர்மிட் சரியாக இருக்க வேண்டும், வாளையாறு தாண்டும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஆளை யோசியுங்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம், கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக ஏழு மணி நேரம் ஓட்டி வந்தவரை, தூங்க விடாமல் உடனே மட்டாஞ்சேரிச் சந்துக்குள் விடுவது நியாயமில்லை. 2021க்குப் பிறகு குதிரான் சுரங்கப்பாதை வந்து பயணம் எவ்வளவோ லேசாகிவிட்டது என்றாலும் தூரம் தூரம்தான்.

நான் செய்வது இது: கோவையிலிருந்து ரயில், நாலு மணி நேரம் அளவில் எர்ணாகுளம், அங்கே உள்ளூர் வண்டி. நம்ம டிரைவர் கூட வந்திருந்தால் அந்த அரை நாள் அவரைப் படுத்துத் தூங்கச் சொல்லுங்கள். திரும்பி மலை ஏறப்போவது அவர்தான்.

கைடு தனியா வேணுமா? டிரைவரே எல்லாம் சொல்வாரில்ல?

சொல்வார்கள், ஆளைப் பொறுத்தது. சிலர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கதை வைத்திருப்பார்கள், பாதி சரியாக இருக்கும். குடும்பமாக ஊர் பார்க்கப் போகிறவர்களுக்குத் தனி கைடு தேவையில்லை. சரித்திரத்தில் ஆசை உள்ளவர்கள், பிள்ளைகளுக்கு விளக்க நினைப்பவர்கள், சுற்றுலாத்துறை அடையாள அட்டை உள்ளவரை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பேசிக்கொள்ளலாம்.

கைடு இல்லாமல் போனாலும் தவறவிடக்கூடாத மூன்றை மட்டும் சொல்கிறேன். பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் தரையில் கம்பி வேலி போட்ட ஒரு கல் இருக்கும். 1524ல் கொச்சியில் இறந்துபோன வாஸ்கோடகாமாவைப் புதைத்த இடம் அது. எலும்புகளை 1539ல் போர்ச்சுக்கலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. அதே தேவாலயத்தில் அண்ணாந்து பாருங்கள், வரிசையாகத் துணி விசிறிகள் தொங்கும். அந்தக் காலத்தில் வெளியே ஓர் ஆள் உட்கார்ந்து கயிறு இழுத்தால்தான் உள்ளே காற்று. மூன்றாவது, 1568ல் கட்டிய ஜெபாலயத்தின் தரை. சீனாவிலிருந்து வரவழைத்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை என்பதால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. என் தங்கை பத்து நிமிடம் குனிந்து நின்று ஒரே மாதிரி இரண்டு கண்டுபிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், தோள் மூடிய உடை வேண்டும்.

பாஷை தெரியாதே, சமாளிக்க முடியுமா?

முடியும். டிரைவர், கடைக்காரர் எல்லாரும் தமிழ் புரிந்துகொள்வார்கள், பலர் பேசுவார்கள். கேரள எல்லையில் இருக்கும் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. நிதானமாகப் பேசினால் போதும்.

டிரைவர் வழியில ஏதோ கைவினைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறாராமே?

கமிஷன். சிலருக்கு அது உண்டு. முதல் தடவை நான் குடும்பத்தோடு போனபோது நாலு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் ஒரு கம்பளக் கடையில் போயிற்று. டீ கொடுத்து உட்காரவைத்து ஒவ்வொரு கம்பளமாக விரித்தார்கள், எழுந்து வர நமக்குக் கூச்சம். வெளியே வந்தபோது ஜெபாலயம் சாத்தியாயிற்று. அம்மாவுக்கு அன்றைக்கு அந்த ஓடுகளைக் காட்ட முடியாமல் போனது இன்னும் மனதில் இருக்கிறது.

ஆகவே ஏறியதும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், "சேட்டா, கடை வேண்டாம், அந்த நேரத்தையும் நாங்கள் சுற்றிப் பார்க்கிறோம்." கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏதாவது வாங்க வேண்டுமென்றால் யூதர் தெருவில் நீங்களாகவே நடந்து வாங்குங்கள். ஏலக்காய், மிளகு நம்ம பக்கமே நல்லதாகக் கிடைக்கிறது, கூடலூர் மிளகுக்கு என்ன குறை? அங்கே வாங்க வேண்டியது குடம்புளி. மீன் குழம்புக்கு அது போட்டால் தனி ருசி.

சீன வலையை இழுக்கவிட்டு அப்புறம் காசு கேக்கறாங்களாமே?

கேட்பார்கள். கேட்பது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய மரக் கழிகள், நாலு மூலையிலும் விரிந்த வலை, பின்பக்கம் கயிற்றில் தொங்கும் பாறாங்கற்கள். வலையை இறக்கவும் தூக்கவும் நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். முன்னெல்லாம் வலை நிறைய மீன் வந்தது, இப்போது ஒவ்வொரு தூக்குக்கும் கைப்பிடி அளவு வந்தால் பெரிது. நாம் ஏறி நின்று போட்டோ எடுத்து, கயிறு பிடித்து இழுத்து விளையாடுகிறோம் என்றால் அவர்கள் வேலை நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

ஏறும் முன்பே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள், அதுதான் சண்டை வராத வழி. ஏற வேண்டாமென்றால் கரையிலிருந்து பார்க்கலாம், அதற்கு யாரும் எதுவும் கேட்பதில்லை.

மீன் வாங்கிக் குடுத்தா சமைச்சுத் தருவாங்களாமே, நம்பலாமா?

வலைகளுக்குப் பக்கத்தில் மீன் தட்டுகள், அதை ஒட்டிப் பொரித்துத் தரும் சின்னக் கடைகள். மீனுக்கு ஒரு விலை, சமையலுக்கு ஒரு விலை, இரண்டையும் தனித்தனியாக முதலிலேயே பேசுங்கள். எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். தட்டில் இருப்பதெல்லாம் எதிரே இருக்கும் வலையில் வந்தது என்று நினைக்க வேண்டாம், பெரிய மீன்கள் படகுத் துறையிலிருந்து வருபவை. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பேர் மாறும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். நெய்மீன் என்றால் நம்ம வஞ்சிரம். அயில என்றால் கானாங்கெளுத்தி. செம்மீன் என்றால் இறால், நண்டை ஞண்டு என்பார்கள். கரிமீன் காயல் மீன், முள் அதிகம், பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கவனம். ஆறு பேருக்கு மேல் என்றால் சமைத்து வர முக்கால் மணி நேரம் ஆகும், உங்கள் நாலு மணிக் கணக்கில் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்க சைவம். அங்க சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். மட்டாஞ்சேரியில் குஜராத்திகளும் கொங்கணிகளும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், சைவக் கடைகளும் இருக்கின்றன. டிரைவரிடம் கேட்டால் காட்டுவார். சாப்பாட்டு மேசையில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைத்தால் பயந்துவிடாதீர்கள், பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். அதையே குடியுங்கள்.

டோபி கானான்னா துணி துவைக்கிற இடம்தானே? அதைப் போய் எதுக்குப் பார்க்கணும்?

அங்கே பேசுவது தமிழ் என்பதால். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ் நாட்டுப் பக்கத்திலிருந்து வண்ணார் சமூகத்தினரைக் கொச்சிக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், இவர்கள் இருந்துவிட்டார்கள். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் இன்றும் அந்தத் தொழில் நடக்கிறது, இப்போதுள்ள கட்டடம் 1976ல் எழுந்தது.

உள்ளே வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. பின்னால் பெரிய மைதானம் முழுக்கக் கொடிகள். அந்தக் கொடியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் விடாது, கிளிப் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் ஒரு பெரியவர் கரிப்பெட்டியால் வேட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். கோத்தகிரி என்றேன். ஊட்டிப் பக்கம் இதே மாதிரி வெயில் வந்தால் நீங்கள் துணி காயவைக்கக் கஷ்டப்பட வேண்டாமே என்றார். நம்ம ஊர் மழைக்கால ஈரத்துணி வாசம் அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

அது காட்சிசாலை கிடையாது, அவர்கள் வேலை செய்யும் இடம். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்காமல் முகத்துக்கு நேரே கேமரா நீட்டாதீர்கள். இருபது நிமிடம் போதும். சாயங்காலம் தாமதமாகப் போனால் வேலை முடிந்திருக்கும்.

நம்ம தேயிலை கொச்சி வழியாத்தான் கப்பல் ஏறுதாம், அதைப் பார்க்க முடியுமா?

துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள், ஆனால் வழியில் பார்ப்பீர்கள். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குக் கார் போவதே வில்லிங்டன் தீவைத் தொட்டுத்தான். அந்தத் தீவே இயற்கையானது இல்லை. துறைமுகத்தை ஆழப்படுத்த 1920களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற எஞ்சினியர் காயலைத் தோண்டியபோது வந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. குன்னூரில் தேயிலை ஏல மையம் இருக்கிற மாதிரி அங்கேயும் ஒன்று இருக்கிறது, அங்கே தூள் ரகம் அதிகம். இப்போது ஏலமெல்லாம் கம்ப்யூட்டரில்தான், சத்தம் கேட்காது. கிலோவுக்கு எவ்வளவு போயிற்று என்று நாம் வாரா வாரம் காத்திருந்து பார்க்கிற விலை முடிவாகும் ஊர்களில் அதுவும் ஒன்று, அவ்வளவு தூரம் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவாவது பார்த்துவிடுங்கள்.

ஃபோர்ட் கொச்சியில கடல்ல இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம். கப்பல் போகும் வாய்க்கால் பக்கத்திலேயே இருக்கிறது, இழுப்பு அதிகம், மணலும் அரித்துப்போய்க் குறைந்துவிட்டது, சில மாதங்களில் காயலிலிருந்து ஆகாயத்தாமரை வந்து கரை முழுக்கக் கிடக்கும். நம்ம பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பழக்கம் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம். காலை நனைக்கத்தான் வேண்டுமென்றால் வைப்பின் தீவில் செராய் கடற்கரை இருக்கிறது, அது எர்ணாகுளத்திலிருந்து 25 கிலோமீட்டர் அளவில். அதற்கு வேறு அரை நாள் வேண்டும்.

அப்படியே ஹில் பேலஸ், மரைன் டிரைவ் போட்டிங், ஆலப்புழா எல்லாம் சேர்த்துக்கலாமா?

இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான். ஹில் பேலஸ் திருப்பூணித்துறையில், நேர் எதிர்த்திசையில் இருக்கிறது, திங்கட்கிழமை லீவு. மரைன் டிரைவ் எர்ணாகுளத்துப் பக்கம். ராத்திரி ரயிலுக்கு முன் ஒரு மணி நேரம் மிஞ்சினால் தனியாகப் போய்க்கொள்ளலாம், அதற்குக் கார் தேவையில்லை. ஆலப்புழா 50 கிலோமீட்டருக்கு மேல், அதை அரை நாளில் திணிப்பது வீண்.

ஜூன், ஜூலையில போகலாமா? மழையாமே.

ஜூன் தொடக்கத்திலிருந்து நல்ல மழை பெய்யும். கடல் கலங்கியிருக்கும், வலைகள் சில நாள் சும்மா நிற்கும். ஆனால் புழுக்கம் குறைவு, கூட்டமும் குறைவு. மழைக்குப் பழகிய நமக்கு அது ஒரு தடையே கிடையாது. அந்த மாதங்களில் வரிசையை மாற்றுங்கள், கூரைக்குள் இருக்கும் அரண்மனையையும் ஜெபாலயத்தையும் முதலில் முடித்துவிட்டு, மழை விடும் நேரம் பார்த்துக் கடற்கரை. ஏப்ரல், மே லீவில் போவதைவிட மழையில் போவதே மேல் என்பேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாவற்றுக்கும் நல்ல காலம்.

விடியக்காலை ஏர்போர்ட்ல பையனை விட்டுட்டு அப்படியே சுத்தப் போகலாமா?

போகலாம், கணக்குப் போட்டுப் போங்கள். நெடும்பாசேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி 40 கிலோமீட்டருக்கு மேல், ஒன்றரை மணி நேரம். அதாவது மேலே சொன்ன 40 கிலோமீட்டர் கணக்கு போகும்போதே தீர்ந்துவிடும். ஆகவே ஏர்போர்ட்டிலிருந்து அந்த வாடகைக்கு எடுக்காதீர்கள், நஷ்டம். எர்ணாகுளம் வரை பஸ்ஸிலோ, ஆலுவா வந்து மெட்ரோவிலோ வந்துவிட்டு, அங்கே அரை நாள் வண்டி பேசுங்கள்.

இன்னொன்று, அவனை வழியனுப்பிய கையோடு வீட்டில் யாருக்கும் சுற்றிப் பார்க்கும் மனசு இருக்காது. முதலில் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் எங்கேயாவது படுத்து எழுந்து, மூன்று மணிக்குக் கிளம்புங்கள். பெட்டிகள் இருந்தால் ரூமிலோ ரயில் நிலைய லாக்கர் அறையிலோ வைத்துவிடுங்கள், காரில் வைத்துவிட்டு நடந்தால் கண் அங்கேயே இருக்கும்.

கார் இல்லாமலே போக வழி இல்லையா?

இருக்கிறது. நாலு பேருக்குக் குறைவாக, நடக்கத் தெம்புள்ளவர்களாக இருந்தால் நான் கார் வேண்டாமென்றே சொல்வேன். எர்ணாகுளம் ஹைகோர்ட்டு துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகு 2024 ஏப்ரல் முதல் ஓடுகிறது, ஏசி, சத்தமே வராது. அதற்கும் பழைய ஆளாக மாநில அரசின் சாதாரணப் படகு மெயின் போட் ஜெட்டியிலிருந்து போகிறது, டிக்கெட் பஸ் டிக்கெட் மாதிரிதான். அரை மணி நேரத்துக்குள் அக்கரை, பாலத்து நெரிசலும் இல்லை. இறங்கி நடை, மட்டாஞ்சேரிக்கு ஓர் ஆட்டோ. ஆட்டோக்காரர் "எல்லா இடமும் காட்டுகிறேன், மலிவு" என்றால் கடைக் கேள்விக்குச் சொன்ன பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள், கைக்குழந்தை, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இருந்தால் மட்டும் கார்.

கொச்சி டாக்ஸியிலேயே ஊருக்கு வந்துடலாமா? ரேட் பரவாயில்லையே.

இரண்டு சிக்கல். கேரள வண்டிக்குத் தமிழ்நாட்டுப் பெர்மிட் வேண்டும். அது இருந்தாலும் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு வந்தது, நம்ம டி.என். 43 வண்டிகளுக்கு விலக்கு. சீசனில் நாளுக்கு இத்தனை வண்டி என்று அளவும் வைத்தார்கள். கிளம்பும் முன் அந்த வண்டி எண்ணுக்கு இ-பாஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நின்று போனில் சிக்னல் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். டிரைவரிடம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கீழேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், அவருக்கு நம்ம மாவட்டத்துத் தடை தெரியாது, அபராதம் கட்டிவிட்டு நம்மைத்தான் பார்ப்பார்.

எங்கம்மாவுக்கு 74 வயசு. இதுவரைக்கும் கடலே பார்த்ததில்லை. முட்டி வலி வேற. அரை நாள்ல அவங்களுக்கு என்ன காட்டறது?

மேலே எழுதிய அத்தனையையும் விட்டுவிடுங்கள். அரண்மனைக்குப் படி ஏற வேண்டும், யூதர் தெருவில் நடக்க வேண்டும், எதுவும் வேண்டாம். மாலை நாலரைக்குக் காரைக் கடற்கரைக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அங்கே இறக்கிவிடச் சொல்லுங்கள், டிரைவரிடம் முன்பே காரணத்தைச் சொன்னால் அவரே நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துவார். நடைபாதை ஓரம் உட்காரத் திண்டுகள் உண்டு. கூட ஒரு மடிப்பு நாற்காலியும், தலைக்கு ஒரு துண்டும், பிளாஸ்கில் டீயும். பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று முதலிலேயே பார்த்து வைத்துவிடுங்கள், வயதானவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள்.

என் அம்மாவை அப்படித்தான் உட்காரவைத்தேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். எதிரே பெட்டி பெட்டியாக அடுக்கிய ஒரு கப்பல், நம்ம மாரியம்மன் தேர் மாதிரி மெதுவாக, அவ்வளவு கிட்டே போயிற்று. அது போய் மறையும் வரை எதுவும் பேசவில்லை. அப்புறம், "அதுல நம்ம தூளும் இருக்குமா?" என்றார். இருக்கும் என்றேன். ஆறே முக்கால் வரை எழுந்திருக்கவே இல்லை, கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு டிரைவருக்குக் கொடுத்தேன். நீங்களும் அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.